நூற்றைம்பது சதவீதம்

இப்போது என் பிழைப்பே கட்டங்களோடுதான். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் திரை முழுக்கக் கட்டங்கள். பக்கத்து இருக்கைக்காரர்கள் தங்கள் பட்டியலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். தலைப்பு வரிசையை நகராமல் நிறுத்தி, வேண்டாத பத்திகளை மறைத்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்து அனுப்புவேன். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்வதற்குத் தெம்பில்லை. அக்காவுக்கு மாப்பிள்ளை தேடிய பட்டியலில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்பா கல்பாக்கத்தில் தபால் பிரிவு எழுத்தர். வருகிற கடிதத்துக்கு எண் போட்டு, அது யாரிடம் போயிற்று, என்ன ஆயிற்று என்று கடைசிப் பத்தியில் குறிப்பு எழுதி முடிப்பது அவர் வேலை. குறிப்பு எழுதாத கடிதம் அவரைப் பொறுத்தவரை இன்னும் மேசையிலேயே கிடக்கிற கடிதம். அந்தப் பழக்கத்திலேயே வரன்களுக்கும் எண் போட்டார். முதலில் நோட்டில் எழுதினார். இரண்டு நோட்டு தீர்ந்து மூன்றாவது பாதியில் இருக்கும்போது, மாற்றலாகிப் போன எதிர் குவார்ட்டர்ஸ்காரர் தன் கம்ப்யூட்டரை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டாயிரம் பிறந்த சமயம். நான் ஆறாம் வகுப்பு. பள்ளியில் வாரத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் பீரியட் என்பதால் வீட்டில் மவுசைத் தொடத் துணிந்த ஒரே ஆள் நான்தான். அதற்கான திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

எனக்கும் அக்காவுக்கும் பதினேழு வருட வித்தியாசம். அவள் செங்கல்பட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். காலை ஏழரை பஸ்ஸில் போனால் சாயங்காலம் ஆறரைக்கு வருவாள், திருக்கழுக்குன்றம் வரைக்கும் பெரும்பாலும் நின்றபடியே. வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கூப்பிடுவார்.

“ஒரு நிமிஷம் வந்து பார்த்துட்டுப் போம்மா. புதுசா ஒண்ணு வந்திருக்கு.”

அக்கா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நிற்பாள். பார்ப்பாள். “சரிப்பா” என்பாள். முகம் கழுவப் போய்விடுவாள். ஐந்து வருடமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. அவள் சரி என்று சொல்லாத வரன் ஒன்றுகூட இல்லை.

நோட்டில் இருந்ததை எல்லாம் அப்பா ஒற்றை விரலால் தட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றிய அந்தப் பட்டியலில் பத்து பத்திகள். எண், பெயர், ஊர், நட்சத்திரம், ராசி, படிப்பு, வேலை, உயரம், யார் மூலம், கடைசியில் ரிமார்க்ஸ். பக்கவாட்டில் எவ்வளவு நகர்த்தினாலும் பெயர் கூடவே வரும்படியும், எத்தனை வரிசை கீழே போனாலும் தலைப்பு மேலேயே நிற்கும்படியும் நான் செய்து கொடுத்திருந்தேன். அப்பாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி. ஆனால் ஆறேகால் ஆனதும் அவருக்கு ஒரு கோளாறு வந்துவிடும்.

“எழுத்து பொடிப்பொடியா இருக்கு. நூத்தம்பது வை.”

நூறிலிருந்து நூற்றைம்பதுக்கு ஏற்றினால் எழுத்து கொழுக்கட்டை மாதிரி ஆகும். பாதிப் பட்டியல் திரையை விட்டு வலது பக்கம் வெளியே போய்விடும். படிப்பு வரைக்கும் தெரியும், அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆயிரம் கட்டம் காட்டக்கூடிய யந்திரத்தில் ஆறு பத்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பெருத்த அவமானமாக இருந்தது. காலையில் கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்கிறவருக்குச் சாயங்காலம் மட்டும் எப்படிக் கண் மங்குகிறது என்று கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கெட்டிக்காரக் குழந்தைகளுக்குக் கேள்வி கேட்கிற வழக்கம் குறைவு.

அந்த ஆவணியில் சதுரங்கப்பட்டினத்துத் தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார்.

“சார், கடப்பாக்கத்துல நல்ல எடம் ஒண்ணு கீது. பையன் ஸ்கூல் வாத்தியாரு. ஞாயித்துக்கிழமை பாக்க வரோம்னு சொல்லிகினு கீறாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?”

அப்பா வரச் சொன்னார். அது நாற்பத்தோராவது வரிசை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா குளிக்கப் போயிருந்தார். அவருக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று நான் உட்கார்ந்தேன். மேலே இருந்த பட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு முழுத் திரைக்கும் விரித்தேன். அளவை எழுபத்தைந்துக்கு இறக்கினேன். பத்து பத்தியும் முதல்முறையாக ஒரே திரையில் வந்து நின்றன. அந்த நேரத்தில்தான் அக்கா உள்ளே வந்தாள். அன்றைக்குப் பஸ் சீக்கிரம் வந்துவிட்டதாம்.

“அக்கா, இங்க வாயேன். எல்லாம் தெரியற மாதிரி வச்சிருக்கேன்.”

வந்தாள். வழக்கம்போல நின்றுகொண்டே பார்த்தாள். நாற்பத்தோராவது வரிசையில் பெயர், ஊர், நட்சத்திரம் என்று இடமிருந்து வலமாகப் போன கண், ரிமார்க்ஸ் என்ற இடத்தில் நின்றது. கடப்பாக்கத்துக்கு அங்கே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அதற்கு மேலே நாற்பது வரிசையிலும் எழுதியிருந்தது. அப்பா, கடிதம் முடிக்கிற ஒழுங்கோடு, அவரவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தார். பெண் மாநிறம் என்றார்கள். வயது இருபத்தெட்டு என்றதும் போனை வைத்துவிட்டார்கள். வந்து பார்த்தார்கள், பதில் இல்லை. முன்பல் எடுப்பு என்று சொல்லியனுப்பினார்கள். உயரம் போதாது. வேறு இடம் முடிந்தது. பதில் இல்லை. பதில் இல்லை.

அக்காவிடம் வீட்டில் சொன்னதெல்லாம் ‘ஜாதகம் பொருந்தவில்லை’ என்ற ஒரே காரணம்தான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேல் வரிசைக்குப் போகச் சொன்னாள். நான் போனேன். பிறகு ஒவ்வொன்றாகக் கீழே வரச் சொன்னாள். வரிசைகள் நகர்ந்தன. இடது பக்கம் பெயர் நகரவில்லை, மேலே ரிமார்க்ஸ் என்ற தலைப்பும் நகரவில்லை. என் கைவேலையை எண்ணி நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா தலை துவட்டிக்கொண்டே வந்தார். திரையைப் பார்த்தார். துண்டு தலைமேலேயே நின்றுவிட்டது.

“யாரு இதைக் குறைச்சது?”

“நான்தாம்பா.”

“எனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லியிருக்கேன்ல. பெருசாவே வை.”

“இருக்கட்டும்பா” என்றாள் அக்கா. “எனக்கு நல்லாத் தெரியுது.”

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. எழுந்து போய் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

மறுநாள் அவளுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் வந்து, அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் கேட்டாள்.

“ஒரு காலத்தை அழிக்காம மறைக்க முடியுமாடி?”

“எந்தக் காலம்?”

“கடைசி. ரிமார்க்ஸ்.”

இரண்டே அழுத்தலில் மறைத்துக் காட்டினேன். திரையின் மேலே ஓடுகிற ஆங்கில எழுத்து வரிசையில் ஐ-க்கு அடுத்து கே வந்துவிட்டது. நடுவில் இருந்த ஜே போன இடம் தெரியவில்லை.

“உள்ளதான இருக்கு? போயிடலையே?”

“எல்லாம் இருக்கு. கண்ணுக்குத்தான் தெரியாது.”

“அது போதும்” என்றாள். “அப்பா கேட்டா சொல்லு. கேக்கலைன்னா விட்டுடு.”

ஞாயிற்றுக்கிழமை கடப்பாக்கத்துக்காரர்கள் வேனில் ஒன்பது பேர் வந்தார்கள். அக்கா எப்போதும் கட்டுகிற மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அம்மா போட்ட வாழைக்காய் பஜ்ஜியைச் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று புறப்பட்டார்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்திருந்தது. வேனில் வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வேறு எதற்கும் வருவதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தரகர் வந்து வாசலிலேயே நின்றார்.

“ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க சார். பொண்ணு பாக்க டயர்டா கீதுன்னு பையனோட அம்மா சொல்லுது. வேற எடம் பாக்கலாம், வுடுங்க.”

அப்பா உள்ளே வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். நாற்பத்தோராவது வரிசைக்கு வந்து, அம்புக்குறியை அழுத்தி வலது பக்கம் நகர்த்தினார். தரகர் பெயர் இருந்தது, அதற்கப்புறம் வெறும் கட்டங்கள். விரலை வைத்து எழுத்துகளை எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார்.

“ஜே எங்க?”

கேட்டுவிட்டார். கேட்டால் சொல்லச் சொல்லித்தானே உத்தரவு.

“அக்கா மறைக்கச் சொன்னாப்பா. உள்ளதான் இருக்கு. எடுத்துத் தரட்டுமா?”

என் விரல் மவுசின் மேல் தயாராக இருந்தது. அப்பா ஐ-க்கும் கே-க்கும் நடுவில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம்.”

“அப்போ இன்னிக்கு வந்ததை எங்க எழுதுவீங்க?”

“எழுதல.”

மூடிவிட்டார். கடைசிப் பத்தியில் குறிப்பு எழுதாமல் அப்பா ஒன்றை விட்டது, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஆறரைக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். அப்பா கூப்பிடவில்லை. அவளே கைப்பையோடு வந்து அவர் நாற்காலி பக்கத்தில் நின்றாள்.

“அப்பா, கொஞ்ச நாளைக்கு யாரையும் வரச் சொல்ல வேணாம்பா.”

“சரிம்மா” என்றார் அப்பா. “போய் முகம் கழுவு. காபி ஆறிடப்போகுது.”

ஐந்து வருடமாக அக்கா சொல்லி வந்த சரியை அன்றைக்கு அப்பா சொன்னார். மூன்று வருடம் கழித்து அவள் தன் ஆபீசுக்கு வந்துபோன குமாஸ்தா ஒருவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். அந்த மாமாவுக்குப் பட்டியலில் எண்ணே கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அப்பா எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லவே இல்லை. பால் கணக்கோ பூந்தொட்டி விவரமோ எதைத் திறந்தாலும், நூறிலேயே, கண்ணாடி போடாமலே, கடைசிப் பத்தி வரைக்கும் படித்தார். நான் ஒரு வாரம் கவனித்து நிச்சயப்படுத்திக்கொண்டு, சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

“அம்மா, அப்பாவுக்குக் கண்ணு சரியாயிடுச்சு.”

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஆமாம்” என்றாள். “அதை அவர்கிட்ட போய்ச் சொல்லிட்டிருக்காதே.”

அப்பாவுக்குக் கண் திருஷ்டி பட்டுவிடும் என்று அம்மா பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.