பதினோராம் பெட்டி

தி. நகரில் எங்காவது பழைய ஜெராக்ஸ் மிஷினைப் பிரிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கோமளம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிடுவார். மெக்கானிக் குல்ஷன் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைக்க வைக்க, எடுத்துக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்ப்பார். முகம் மலர்ந்தால் அது பைக்குள் போகும், சுளித்தால் தரைக்குத் திரும்பும். “மிஷினை வாங்கின ஓனர்கூட இவ்ளோ ஆசையாப் பாத்திருக்க மாட்டார் மேடம்” என்பார் குல்ஷன். கோமளத்துக்கு அது கேட்காது. காதில் பேரிங் சுற்றிக்கொண்டிருக்கும்.

வயது நாற்பத்தெட்டு. வீடு மயிலாப்பூர். தரமணிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் லேப் இன்ஸ்ட்ரக்டர். வருடத்துக்கு ஒரு தடவை அங்கே ரோபோ போட்டி நடக்கும், வெளிக் கல்லூரிகளிலிருந்தும் அணிகள் வரும். ரோபோ என்றதும் பேசிக்கொண்டே நடந்துவரும் இரும்பு மனிதனை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒயரின் நுனியில் சுவிட்ச் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னாலேயே ஓட, தரையில் ஒரு வண்டி டென்னிஸ் பந்தைப் பொறுக்கி வாளியில் போடும், அவ்வளவுதான். அணிக்கு ஓர் அட்டைப்பெட்டி கொடுப்பார்கள். அதில் இரண்டு மோட்டார், நான்கு சக்கரம், அலுமினியத் துண்டுகள், ஒயர், இவற்றோடு கோமளம் தன் இஷ்டத்துக்குச் சேர்க்கும் மூன்று நான்கு வினோதச் சாமான்களும் இருக்கும். பெட்டியில் இல்லாத எதையும் வண்டியில் மாட்டக்கூடாது.

அந்த வினோதச் சாமான்களில்தான் அவருடைய உயிர் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் சுற்றி, மறுபக்கம் திருப்பினால் பிடித்துக்கொள்ளும் பேரிங். கரண்ட் கொடுத்தால் தன் கம்பியைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும் காயில். தொட்டாலே ‘டிக்’ என்னும் குட்டி சுவிட்ச். எந்த அணியும் இவற்றை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு மோட்டார் இடது சக்கரத்துக்கு, ஒரு மோட்டார் வலது சக்கரத்துக்கு, முன்னால் ஒரு முறம், முடிந்தது வேலை. போட்டி முடிந்து பெட்டிகள் திரும்பிவரும்போது இவை உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். “இவாளுக்கெல்லாம் மோட்டார் இருந்தாப் போறும். மிச்சத்தைக் கறிவேப்பிலையா ஒதுக்கிடறா” என்று புலம்புவார்.

புலம்பிவிட்டு, கழித்துக்கட்டியதை வீட்டுக்குக் கொண்டுபோவார். அவர் வீட்டு பால்கனியில் துணிக்கொடியை இழுத்து விட்டால் விட்ட இடத்தில் நிற்கும், முடிச்சே வேண்டாம். உள்ளே இருப்பது ஜெராக்ஸ் பேரிங். விடியற்காலை குழாயில் தண்ணீர் வந்து வாளி கனத்தால் அடியிலிருக்கும் குட்டி சுவிட்ச் அமுங்கி மணி அடிக்கும். அந்த மணிக்கு மாடியிலிருப்பவர்களும் குடத்தோடு இறங்கி வருவார்கள். சமையலறை அலமாரிக்கு ஜெராக்ஸ் காயிலில் ஒரு தாழ்ப்பாள். “நம்மாத்துல சர்க்கரை டப்பாவை எடுக்கவே டிப்ளமா வேணும்” என்பார் கணவர் ஜெயராம். அவருக்குச் சர்க்கரை வியாதி. தாழ்ப்பாள் அதற்காகத்தான்.

கோமளத்துக்குக் கல்லூரியில் இன்னொரு பெயரும் உண்டு. அவர் சரிபார்த்ததில் தப்பு இருக்காது. “கோமளம் செக் பண்ணினா அதுக்கு மேல அப்பீல் கிடையாது” என்று பிரின்ஸிபால் ஸ்ரீனிவாசராகவன் மேடையிலேயே சொல்வார். கோமளம் தலையைக் குனிந்துகொள்வார், ஆனால் அன்று முழுவதும் நடையில் ஒரு மிடுக்கு இருக்கும். அந்த மிடுக்குதான் வினையாகப் போயிற்று.

தொண்ணூற்றாறாம் வருடப் போட்டிக்குப் பதினெட்டுப் பெட்டிகள். குல்ஷன் கொடுத்த பேரிங்கோ பதினேழு. விட்டுப்போன பதினோராம் பெட்டியைக் கடைசியாகக் கட்டும்போதுதான் ஒன்று குறைவது தெரிந்தது. வீட்டுக்கென்று வாங்கிய சைக்கிள் ஃப்ரீவீல் ஒன்று பையில் இருந்தது. அதுவும் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் சும்மா சுற்றும். இதுவும் அதே வேலைதானே என்று போட்டுக் கட்டிவிட்டார். சாமான் பட்டியல் ஏற்கெனவே ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது. பெட்டி வாங்க வருகிறவர்களிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவர்கள் வந்தபோது கோமளம் இடத்தில் இல்லை, பெட்டியை வேறு யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அத்தோடு அது அவர் நினைவிலிருந்தே போய்விட்டது.

அந்தப் பெட்டி ஒரு பெண்கள் பாலிடெக்னிக்குக்குப் போயிருந்தது. தலைவி நிலா, சைதாப்பேட்டை ஆற்றோரத்துப் பெண். போட்டியன்று காலை, வண்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கோமளத்தின் மேஜைமேல் அவள் தன் வண்டியை வைத்தாள். மற்றவர்கள் இரண்டு மோட்டார் செலவழித்த வேலையை அது ஒன்றில் முடித்திருந்தது. மோட்டார் முன்னால் சுற்றினால் வண்டி நேராக ஓடும். பின்னால் சுற்றினால் ஒரு சக்கரம் மட்டும் பின்வாங்கும், ஃப்ரீவீல் மாட்டிய சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும், வண்டி அப்படியே திரும்பிக்கொள்ளும். மிச்சமான மோட்டாரில் பந்து தூக்க ஒரு கை செய்திருந்தார்கள். கோமளம் கண்டது ஃப்ரீவீலை மட்டும்தான். பட்டியலில் அது இல்லை.

“இது பாக்ஸ்ல கிடையாதே.”

“பாக்ஸ்லதான் மேடம் இருந்துச்சு. நாங்க எங்க போய் வாங்கறது?”

“பதினெட்டு பாக்ஸும் நான் என் கையால கட்டினது. எனக்குத் தெரியாதாம்மா?”

நிலா வண்டியை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். வெளிச்சாமான் உபயோகித்ததற்காகப் பதினோராம் அணி நீக்கப்படுகிறது என்று மைக்கில் சொன்னார்கள். இரண்டு தடவை சொன்னார்கள்.

அரைமணி கழித்து ஏதோ ஓர் அணியின் பெட்டியில் உறை பிரிக்காத ஜெராக்ஸ் பேரிங்கைப் பார்த்ததும் கோமளத்துக்குக் கணக்கு நினைவு வந்தது. பதினேழுதானே வந்தது? அப்போது மூன்றாவது சுற்றுகூட ஆரம்பிக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்து அந்தப் பெண்கள் இருந்த மூலைக்குப் போனார். வழியில் பிரின்ஸிபால் யாரோ விருந்தாளியிடம், “இவாதான் எங்க கோமளம்” என்று நிறுத்தி அறிமுகம் செய்தார். மறுபடி போனார். இந்தத் தடவை தூண் வரைக்கும் போய்விட்டார். பெண்கள் வண்டியைப் பிரித்து, திருகாணிகளை வந்த மாதிரியே உறை உறையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோமளம் திரும்பி வந்துவிட்டார். நாலு மணிக்கு அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள்.

வினோதச் சாமானுக்கு ஒரு வேலை கண்டுபிடிக்கிற பிள்ளை வரமாட்டாளா என்று எத்தனை வருடம் காத்திருந்தார். வந்தவளை விரல் நீட்டித் துரத்தியதும் அவரேதான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஜெயராமிடம்கூட. வீட்டில் துணிக்கொடியை இழுக்கும்போதெல்லாம் கை கூசியது. மறுவருடம் பெட்டியில் வினோதச் சாமான் எதுவும் போடவில்லை. ஏன் என்று கேட்கவும் ஆளில்லை.

அந்தப் பாலிடெக்னிக்கிலிருந்து அப்புறம் அணியே வரவில்லை. மூன்றாம் வருடம், தொண்ணூற்றொன்பது ஜனவரியில், கோமளம் அழைப்பிதழைத் தானே எடுத்துக்கொண்டு போனார். அங்கே துறைத்தலைவி ஷம்ஷாத் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு மைக்ல சொன்னதிலேருந்து, ஏமாத்துற காலேஜ்னு கிண்டல் பண்றாங்கன்னு எங்க பொண்ணுங்க யாரும் பேரே குடுக்கறதில்லை.” கோமளம் டீயைக் குடிக்காமலே நிலா எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்.

கே.கே. நகரில், கால் வராதவர்களுக்குக் கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டி செய்யும் பட்டறை. நிலா செயின் மாட்டிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“வாங்க மேடம். இன்னா இவ்ளோ தூரம்?”

பஸ்ஸில் வரும்போது கோர்த்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் கோமளத்துக்குக் காணாமல் போயிற்று. “அந்த ஃப்ரீவீலை நான்தாம்மா பெட்டியில போட்டேன்” என்றார்.

“தெரியும் மேடம்.” நிலா செயினை இழுத்து இறுக்கம் பார்த்தாள். “அன்னிக்கு எங்க பக்கமா ரெண்டு தபா வந்துட்டு, ஒண்ணும் பேசாம திரும்பிப் போனீங்களே. தப்பு எங்க மேல இருந்தா நீங்க இன்னாத்துக்கு வரப்போறீங்க?”

“தெரிஞ்சும் நீ ஏன் சொல்லலை?”

“யாராண்ட போய் சொல்றது? செக்கிங்கே நீங்கதான.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். கோமளம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பிரின்ஸிபாலுக்கு எழுதிய கடிதம், நகல் பாலிடெக்னிக்குக்கு. தப்பு தன்னுடையது, அந்த அணி எந்த விதியையும் மீறவில்லை என்று டைப் செய்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தது. நிலா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள்.

“எல்லாம் கரெக்டா எழுதிக்கீறீங்க. தேதிதான் மேடம் பழசு. போட்டி முடிஞ்ச மூணாம் நாள் போட்டுகீது.”

“அப்பவே டைப் அடிச்சுட்டேன். குடுக்கலை.”

பட்டறையில் யாரோ இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். கோமளம் கடிதத்தைத் திரும்ப வாங்கினார். பாதி முடிந்திருந்த வண்டியின் இருக்கைமேல் அதை விரித்து, பழைய தேதி படிக்கிற மாதிரியே இருக்கும்படி அதன்மேல் ஒரே ஒரு கோடு கிழித்தார். பக்கத்தில் அன்றைய தேதியை வருடத்தோடு முழுசாக எழுதினார்.