மேலங்கியும் மிச்சத் துணியும்

கத்தரிக்கோலை அடையாளமாக வைத்து மூடிய புத்தகத்தை றொசாந்தி மறுபடி திறக்கிறார். ஒரு படத்தை உற்றுப் பார்க்கிறார். பிறகு அந்தத் தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபக்கத்தையும் பார்க்கிறார். படத்தில் நிற்கும் பெண்ணின் மேலங்கிக்கு முதுகில் எத்தனை மடிப்பு என்று அங்கே தெரியும் என்ற நினைப்பு. தெரியாமற் போகவே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த தாளுக்குப் போகிறார்.

"முன்பக்கம் ஆரும் வடிவாத் தைப்பினம் அண்ணை. உள்பக்கத்தைப் பாத்தாத்தான் தைச்சவளின்ரை குணம் தெரியும்."

குருநகரில், கோயிலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, வீட்டின் முன்னறைதான் அவருடைய தையல் கடை. வயது நாற்பத்தாறு. பள்ளிச் சீருடை, சாறிச் சட்டை, தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, என்னைப் போன்ற குட்டையர்களின் நீளக் காற்சட்டை, எதுவானாலும் சொன்ன நாளில் தருவார். தரும்போது இரண்டு பைகள் தருவார். ஒன்றில் உடுப்பு. மற்றதில் வெட்டி மிஞ்சிய துணி, விரல் அகலத் துண்டு வரை மடித்தபடி. வேறு கடைகளில் மிச்சத் துணியைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். இதெல்லாம் எனக்கு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"நீங்கள் கொண்டந்த துணி. என்னட்டை ஏன் கிடக்க வேணும்?"

என் வீட்டில் இப்போது ஒரு பெட்டி நிறையக் காற்சட்டை நுனிகள் இருக்கின்றன.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. கிழிசல் எதுவும் அந்த வாசலைத் தாண்டாது. ஒருவர், முழங்காலில் நாகரிகமாகக் கிழித்த ஜீன்ஸ் ஒன்றை இடுப்பைச் சுருக்கக் கொடுத்திருந்தார். இடுப்பும் சுருங்கியது, முழங்காலும் மூடிக்கொண்டது. அவர் சண்டைக்கு வந்தும் றொசாந்தி அசையவில்லை.

இப்படிப்பட்டவரின் கையில் ஜப்பான் சித்திரக்கதை வந்து சேர்ந்தது மதுராவால். புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. அங்கே நடக்கவிருந்த கலைவிழாவில், தனக்குப் பிடித்த மாயாஜாலத் தொடரின் கதாநாயகியாக மேடையேற ஆசைப்பட்டாள். அந்தத் தொடரின் நான்காம் பாகத்தையும் நீலத் துணியையும் மேசையில் வைத்து, "கடைசிப் படத்திலை இருக்கிற மாதிரித் தைச்சுத் தாங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு றொசாந்தி கதைப் புத்தகம் தொட்டதில்லை. ஆங்கிலமும் அரைகுறைதான். ஆனாலும் எழுத்துத் தடுத்த இடமெல்லாம் உடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். போர்வீரனின் கவசத்தைக் கண்டதும், "உதுக்குக் கைக்குழியே இல்லை, உவன் எப்பிடி வாளைத் தூக்கிறான்?" என்றார். மந்திரவாதியின் பொத்தான்கள் ஒரு படத்தில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. பறக்கிற பாம்புக்கு மட்டும் முழு மரியாதை கிடைத்தது. "செதிலைப் பாருங்கோ அண்ணை, ஒரு வரிசை பிசகேல்லை."

கதையை எனக்கு அவர் சொன்ன விதம் இது. பனிக்குள் ஒரு பெண் தனியே நிற்கிறாள். தோளில் மேலங்கியின் கழுத்துப்பட்டி மாத்திரம் கிழிந்து தொங்குகிறது. ஊர் ஊராகப் போகிறாள். காயக்காரன் தன் காயத்தில் சுற்றிய கட்டை அவிழ்த்து அவளுக்கு ஒரு துண்டு தருகிறான். ஒரு தாய், குழந்தையைச் சுற்றிய துணியைத் தருகிறாள். தோணிக்காரன் தோணிப் பாயில் தைத்திருந்த ஒட்டுத் துணியைப் பிரித்துத் தருகிறான். துண்டு துண்டாகச் சேர்ந்து, கடைசியில் நிலத்தைக் கூட்டும் முழு மேலங்கியோடு அரண்மனை வாசலில் நிற்கிறாள்.

"ஒண்டுமில்லாமல் நிண்டவளுக்கு ஊரே சேந்து உடுப்புக் குடுக்குது. இப்பிடி ஒரு கதை நான் கேள்விப்படேல்லை" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு தலையைச் சொறிந்தார். "ஒண்டுதான் விளங்கேல்லை. கட்டை அவிட்டுக் குடுத்தாப் பிறகு அந்தக் காயக்காரன் நோவிலை இன்னும் கூடக் குளறுறான்."

எனக்கும் விளங்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னபடியே அந்தக் கதையை நான் நம்பிவிட்டேன்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மதுரா வந்தாள். றொசாந்தி மேலங்கியை விரித்துக் காட்டினார். கழுத்திலிருந்து தரை வரை நீலம். ஓரிடத்திலும் சுருக்கம் இல்லை. மதுரா அதைத் தடவிப் பார்த்தாள். முகம் மட்டும் மலரவில்லை.

"நல்ல வடிவாக் கிடக்கு அக்கா. ஆனா இது முதற் படத்திலை வாறது. அந்தப் புத்தகத்தை வலப்பக்கத்தாலை திறந்து வாசிக்க வேணும். நீங்கள் பின்னாலையிருந்து வந்திட்டியள். நீங்கள் திறந்த பக்கத்திலையே, இது கடைசிப் பக்கம் எண்டு ஒரு அறிவித்தல் போட்டிருக்குமே?"

"அதை விளம்பரம் எண்டெல்லோ திருப்பினனான்."

நான் சிரித்துவிட்டேன். றொசாந்தி சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து, மறுபுறம் திருப்பி, முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். அரண்மனை வாசலில் முழு மேலங்கியோடு நின்றவள் தோணிக்காரனுக்கு ஒரு துண்டு கிழித்தாள், தாய்க்கு ஒன்று, காயக்காரனுக்கு ஒன்று. கடைசியில் பனியில் கழுத்துப்பட்டியோடு நின்றாள். சிரித்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப உவள் வாங்கேல்லை. குடுத்திருக்கிறாள்."

"ஓம் அக்கா."

"அடுத்த புத்தகத்திலை ஆராவது உவளுக்குத் திருப்பிக் குடுக்கினமோ?"

"அது இன்னும் வரேல்லை." மதுரா தயங்கினாள். "எனக்கு அந்தக் கடைசிப் படம்தான் வேணும் அக்கா. இதைக் கிழிச்சுத் தருவியளோ?"

"கிழிசல் இந்த வாசலாலை போகாது பிள்ளை."

"அப்ப நான் வீட்டை கொண்டுபோய்க் கிழிக்கட்டோ?"

றொசாந்தி மேலங்கியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைக் கொடுக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழியில்லை. கரையை விரலால் நீவியபடி, எங்கள் இருவரையும் பார்க்காமல் பேசினார்.

"நானும் ஒருக்கா வெட்டினனான். என்ரை கலியாண வெள்ளைச் சீலையை. தங்கச்சியின்ரை மூண்டு பெட்டையளுக்கும் முதல் நன்மைச் சட்டை தைச்சன். ஒரு சாணும் மிஞ்சேல்லை."

"கவலையா இருந்ததோ?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு இல்லை அண்ணை. போன வரியம் அவளவை மூண்டு பேரும் அந்தச் சட்டைப் படத்தைப் பாத்துக் கதைச்சுச் சிரிச்சவளவை. துணி எங்காலை வந்தது எண்டு ஒருத்திக்கும் ஞாபகமில்லை. அதுதான் கவலை."

றொசாந்தி எழுந்து ஊசிப் பெட்டியை எடுத்தார். "நாளைக்கு வா" என்றார்.

எனக்கு அங்கே அடுத்த நாள் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். மேசையில் கழுத்துப்பட்டி இருந்தது, கீழே தாறுமாறாகத் தொங்கும் நுனிகளோடு, படத்தில் உள்ளபடியே. கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு நுனியும் மெல்லிய நீல நூலால் கரை மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. பார்வைக்குக் கிழிசல், தொட்டால் இல்லை. மதுரா அதைக் கழுத்தில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டாள். கழற்றி மடித்துப் பையில் வைத்துப் புறப்பட்டபோது றொசாந்தி வழக்கம்போல இரண்டாவது பையை நீட்டினார்.

அதற்குள் வெட்டிய துண்டுகள் எல்லாம் இருந்தன. நீளமானதும் குட்டையானதும், ஒவ்வொன்றும் கரை மடித்து, அயர்ன் பிடித்து, மூலையில் வெள்ளை நூலால் சின்னதாக ஓர் எண்ணோடு.

"இதென்னக்கா நம்பர்?"

றொசாந்தி முதல் பையிலிருந்து கழுத்துப்பட்டியை எடுத்து உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொரு நுனிக்கு மேலேயும், அதே வெள்ளை நூலில், அதே எண்கள், ஒன்று முதல் இருபத்திரண்டு வரை.