வளையத்திலிருந்து வந்த குதிரைகள்

பம்பரம் என்ற பேர் எங்கள் காதில் முதலில் விழுந்தது பெரியம்மா வீட்டில். அலமாரிக் கதவின் மரப்பிடி ஒன்று தொலைந்துபோய், மிஞ்சியதற்கு ஜோடியாகப் புதிதாக ஒன்று வந்திருந்தது. எது பழசு, எது புதுசு என்று ஆளாளுக்குத் தடவிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. "நம்ம பம்பரம் கடைஞ்சு குடுத்தது" என்றாள் பெரியம்மா, ஏதோ தானே கடைந்ததைப் போல. பெரியம்மாவின் நாத்தனாருக்கு மூத்த மகள் அவள். எங்களுக்கு அத்தை மகள் முறை. சின்ன வயதில் ஓர் இடத்தில் உட்காராமல் சுற்றியவளுக்கு வைத்த பேர் அது. பிற்பாடு லேத்தில் மரத்தைச் சுற்றவிட்டுக் கடையும் வேலைக்கே போய்விட்டதால், சொந்தப் பேரைச் சொன்னால் வீட்டு ஆட்களுக்கே யோசிக்க வேண்டியதாயிற்று.

அவள் வீட்டு முன் அறையில் கணவருடைய தையல் மெஷின். பின் அறையில் அவளுடைய லேத். இரண்டும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. "எங்களுக்குள்ள சண்டையே வராததுக்குக் காரணம் இதுதான்" என்பார் தையல்காரர். "அவ திட்டறது எனக்குக் கேக்காது. நான் பதில் சொல்றது அவளுக்குக் கேக்காது."

கட்டில் கால், படிக்கட்டுத் தூண் என்று கடைந்துகொண்டிருந்தவளிடம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்காரர் வந்து, செஸ் காய் கடைய முடியுமா என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்ததுதான். கட்டில் காலில் இல்லாத சுகம் அந்தக் காய்களில் அவளுக்கு இருந்தது. சிப்பாய்க்கு ஒரு மொட்டைத் தலை, கழுத்தில் ஒரு மடிப்பு, அகலமாக ஒரு பாதம். உளியை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் மரம் வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு சுருண்டு விழும். ஒவ்வொன்றையும் தகரத்தில் வெட்டிய அச்சோடு ஒட்டிப் பார்ப்பாள். துளி வெளிச்சம் இடையில் தெரிந்தாலும் மறுபடி லேத்தில் ஏறும். யானை, மந்திரி, ராணி, ராஜா எல்லாமே உருண்டை வடிவம்தான், அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

குதிரைதான் வம்பு. அதற்கு மூஞ்சி ஒரு பக்கம், பிடரி ஒரு பக்கம். சுற்றுகிற மரத்தில் அது வராது. கத்தியை எடுத்துச் செதுக்கத்தான் வேண்டும். அந்த வேலையை அவளோடு இருந்த தம்பி செய்தான். ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, முழங்காலில் சாக்கை விரித்துக்கொண்டு செதுக்குவான். அவன் குதிரைகள் ஒன்று முறைக்கும், ஒன்று கனைக்கும், ஒன்று கழுத்தைத் திருப்பி யாரையோ பார்க்கும். கடைக்காரர் வாங்கியதே அந்தக் குதிரைகளுக்காகத்தான்.

அந்தத் தம்பிக்குப் பக்கத்து ஊரில் பேக்கரி வைத்திருக்கும் பெண் மேல் ஆசை. அவளுக்கும் இவன் மேல் ஆசை. கல்யாணமானால் அடுப்பை விட்டு அவளால் இங்கே வந்து இருக்க முடியாது, இவன்தான் அங்கே போக வேண்டும். போகிறேன், போகிறேன் என்று சொல்லியே நாளை ஓட்டினான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் அந்த ரொட்டிக்கடைக்காரி நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். தம்பி வெளியே போயிருந்தான்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. எப்பக் கேட்டாலும் இன்னும் கொஞ்சம் குதிரை பாக்கி இருக்குங்கறார். கல்யாணத்துக்கும் குதிரைக்கும் என்னக்கா சம்பந்தம்?"

தையல்காரர் முன் அறையில் மெஷினை நிறுத்தினார். பம்பரம் லேத்தில் கிடந்த மரச் சுருளைத் துடைத்துத் தள்ளினாள். சம்பந்தம் அவளுக்குத்தான் தெரியுமே. தம்பி போனால் குதிரை இல்லை, குதிரை இல்லையென்றால் செஸ் இல்லை, மறுபடி கட்டில் கால்தான். அக்காவை அந்த நிலையில் விட்டுப்போக அவனுக்கு மனசு வரவில்லை. போடா என்று சொல்ல இவளுக்கும் நாக்கு எழவில்லை. சின்ன வயதிலிருந்து தன் கைப்பிடியிலேயே வளர்ந்தவன் தன்னாலேயே நின்றுபோகிறான் என்பது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

குதிரை ஒன்றைத் தானே செதுக்கிப் பார்த்தாள். தையல்காரர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆடு நல்லா வந்திருக்கு" என்றார். அதோடு கத்தியைக் கீழே வைத்தாள்.

சில நாள் கழித்து, சுவர்க் கடிகாரத்துக்கு என்று கடைந்த வட்டச் சட்டம் ஒன்று கை நழுவி விழுந்து பிளந்தது. துண்டைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உடைந்த முனையில், அவள் போட்ட மேடும் பள்ளமும் சேர்ந்து, அலகு நீண்ட ஒரு வாத்து மூஞ்சி தெரிந்தது. இன்னொரு இடத்தில் உடைத்தாள். அங்கேயும் அதே வாத்து. சுற்றவிட்டுக் கடைந்த சட்டம் அல்லவா, எங்கே வெட்டினாலும் வெட்டு முகத்தில் வாத்துதான்.

வாத்து வந்தால் குதிரை வராதா?

தம்பி இல்லாத நேரமாகப் பார்த்து, அடிமரத்தைக் குறுக்கே அறுத்த வட்டத் துண்டை லேத்தில் ஏற்றி நடுவைக் குடைந்தெடுத்தாள். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் வளையம். உள்ளே என்ன உருவம் இருக்கிறது என்று பிளக்கும்வரை அவளுக்கே தெரியாது. உளி போக வசதி என்று குதிரை மூஞ்சியை வளையத்தின் வெளிப்பக்கம் வைத்துக் கடைந்தாள். கேக் வெட்டுவதைப் போல் பிளந்தால், துண்டு வெளியே தடித்தும் உள்ளே மெலிந்தும்தானே இருக்கும்? மூக்கு தடித்து, பிடரி சப்பையாகி, ஜலதோஷம் பிடித்த பன்றி வரிசையாக வந்தது.

"வியாபாரத்தை மாத்திக்கலாம்" என்றார் தையல்காரர். "பன்றி ஆட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சுடு."

"சும்மா இருங்க. பக்கம் மாறிப் போச்சு."

மறுபடி கடைந்தாள். இந்தத் தடவை பிடரி வெளியே, மூஞ்சி உள்ளே. உள்பக்கத்துக்கு நேர் உளி எட்டாது. முனையை வளைத்து அடிக்கச் சொல்லிக் கொல்லரிடம் வாங்கி வந்தாள். வளையத்துக்குள் முனை போனபிறகு கண்ணுக்கு வேலையில்லை, உளி சுரண்டுகிற சத்தத்தை வைத்துத்தான் ஆழம் தெரிய வேண்டும். எத்தனை வளையம் அடுப்புக்குப் போயிற்று என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்றைப் பிளந்தபோது கழுத்து வளைந்து, மூக்கு ஒடுங்கி, குதிரைகள் வட்டமாக நின்றன. சிப்பாய்க்குக் கடைகிற அதே பாதத்தைக் கடைந்து அவற்றை ஒட்டி, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் கண் வைத்தாள்.

தம்பியைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்திக் காட்டினாள். துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தாள். அவனுக்கு முகம் சுண்டிப்போனது.

"நான் இத்தன வருஷமா கண்ணக் கெடுத்துக்கிட்டு ஒண்ணொண்ணா செதுக்கினேன். நீ ரொட்டி வெட்டற மாதிரி வெட்டித் தள்ளறே. அப்ப நான் எதுக்குன்னு ஆயிடுச்சு?"

"மக்கு! உன்னைத் துரத்தவாடா இத்தன மரத்தப் பாழாக்கினேன்? நீ நிம்மதியாப் போகணும்னுதான். என்னைச் சாக்கு வெச்சு இங்கயே குந்திக்கிட்டு இருந்தா, அந்தப் பொண்ணு வேற எவனுக்காவது ரொட்டி சுடப் போயிடும்."

"போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா போயிருப்பியா?"

அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு முக்காலியில் போய் உட்கார்ந்தான். தையல்காரர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, "மாப்ளே, குதிரைக்குக் கோவம் வந்தா புல்லு போடலாம். உனக்கு என்ன போடறது?" என்றார். சிரிக்கக் கூடாது என்று அவன் பல்லைக் கடித்தது வெளியே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கை நீட்டி ஒரு குதிரையை எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"காது கழுதைக் காது மாதிரி இருக்கு."

"அதுக்கு மேல எனக்கு வரலடா."

"உளியால வராது. அரத்தை இப்படிக் குறுக்கப் பிடி. ரெண்டே இழுப்பு. அழுத்தாதே." இழுத்துக் காட்டினான். காது நிமிர்ந்தது. அடுத்ததை அவள் கையில் கொடுத்தான். அவள் இழுத்தாள். "இன்னும் மேல" என்றான். இழுத்தாள். அன்றைக்குப் பொழுது சாயும்வரை இரண்டு பேரும் காது வைத்தார்கள்.

"ஆனா ஒண்ணு, அக்கா," என்றான் எழுந்திருக்கும்போது. "என் குதிரை திரும்பிப் பாக்கும். உன்னுது நேராதான் பாக்கும்."

"பாக்கட்டும். நீயும் நேராப் பாத்துப் போ."

அடுத்த மாதமே கல்யாணம். கடைக்காரர் புதுக் குதிரைகளைப் பார்த்துக் கொஞ்சம் முனகினார், பிறகு ஒரு குதிரைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே இல்லை என்று கண்டுகொண்டு, முன்னைவிட அதிகமாகக் காய் கேட்க ஆரம்பித்தார்.

தம்பி இப்போது பக்கத்து ஊரில் மனைவியோடு பேக்கரியைப் பார்த்துக்கொள்கிறான். பம்பரம் அதே வீட்டில், பின் அறையில் இருக்கிறாள். இப்போதும் செஸ் காய்தான் கடைகிறாள்.