கிரேசி மைனியின் தேவதாரு எண்ணெய்

எங்கள் ஊர் மாதா கோயிலுக்குக் கமிட்டிகளுக்குப் பஞ்சமில்லை. திருவிழாவுக்கு ஒரு கமிட்டி, தேருக்கு ஒரு கமிட்டி, ஒலிபெருக்கிக்குக்கூடத் தனியாக ஒன்று இருக்கிறது. கோயிலைக் கூட்டுவதற்கு மட்டும் கமிட்டி கிடையாது. அதற்குக் கிரேசி மைனி இருக்கிறாள்.

மைனி என் அண்ணன் ஆன்ட்ரூஸின் மனைவி. அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே மகள் லிஜாவும் நர்ஸ் வேலைக்குக் குவைத் போன பிறகு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கோயில் வேலையைப் பிடித்துக்கொண்டாள். தரையில் உருகி ஒட்டிய மெழுகைக் கத்தியால் சுரண்டுவது, பூசைத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போடுவது, மாதாவுக்கு நேர்ச்சையாக வரும் பட்டுகளை மடித்து அலமாரியில் அடுக்குவது எல்லாம் அவள்தான். முட்டு வலி, மூச்சிழுப்பு இரண்டும் உண்டு. "லீவு எடுங்களேன் மைனி" என்றால், "எனக்கு ஆருட்டி லீவு தாறது? மாதாவா?" என்பாள். சிரிக்கக்கூட மாட்டாள். சிரிப்பதற்கும் ஆள் கொஞ்சம் தெம்பாக இருக்கவேண்டும் அல்லவா.

அந்த நேர்ச்சைப் பட்டுகள்தான் அவளுக்குப் பெரிய தலைவலி. உப்புக்காற்று ஒரு பக்கம், அந்துப்பூச்சி ஒரு பக்கம். முன்பெல்லாம் பாச்சை உருண்டை போட்டு வைப்பாள். அலமாரியைத் திறந்தால் போதும், நெடி நெஞ்சில் ஏறி இழுப்பு வந்து படியில் உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், உருண்டை இருக்கும் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன செய்வது என்று கேட்க, அவளும் நானும் கோட்டாற்றில் ஒரு நாட்டுமருந்துக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் ஒரு சின்னக் குப்பியை எடுத்து வைத்தார். தேவதாரு மரத்திலிருந்து இறக்கிய எண்ணெய். மூடியைத் திறந்தார். புதிதாகச் சீவிய பென்சிலின் மணம், அதோடு கொஞ்சம் இனிப்பு. மைனி பயந்து பயந்து மூச்சு இழுத்துப் பார்த்தாள். இருமல் வரவில்லை.

கடைக்காரருக்கு வாய் ஓயவில்லை. பூச்சி அண்டாது, கொசு விலகும், பொடுகு போகும், கொட்டின முடி முளைக்கும், தூக்கம் வராதவர்களுக்குத் தூக்கம் வரும், மனசு அமரும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு குப்பிக்குள் இருந்துகொண்டு இத்தனை வேலை பார்க்க இதுவும் எங்கள் மைனியின் ஜாதியா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றை நன்றாகச் சொன்னார்: உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது, வெறுமனே தோலில் போடக் கூடாது, தேங்காய் எண்ணெயில் சில சொட்டு மட்டும் கலக்க வேண்டும், கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேண்டாம். நான் யார் சொன்னதைக் கேட்டேன்? வீட்டுக்கு வந்ததும் முழங்கையில் அப்படியே தேய்த்தேன். சிவந்து தடித்து, ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தேன். முடி முளைத்ததா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். துணியில் பூச்சி வரவில்லை என்பதையும், மைனிக்குத் தலையணை ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் கொஞ்சம் கண் அயர்கிறது என்பதையும் மட்டும் சொல்வேன்.

பட்டில் எண்ணெய் பட்டால் கறை போகாது. அதனால் மைனி பஞ்சில் நனைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் மூலையில் வைத்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. கோயில் துணியை எது காக்கிறது என்று எந்தக் கமிட்டிக்கும் கவலை இல்லை.

எங்கள் ஊர்ப் பெமிலாவின் மகன் ஜிபின் கடலில் விழுந்தது அந்த மழைக்காலத்தில். ஆழ்கடல் தொழிலுக்குப் போன படகு. வலை இழுக்கும்போது அலை அடித்து விழுந்துவிட்டான். கூடப் போனவர்கள் தேடித் தேடிப் பார்த்துவிட்டு அவன் இல்லாமல் திரும்பினார்கள். மற்ற படகுகளும் போய்த் தேடின. உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காவிட்டால் அவனுடைய துணியை வைத்தாவது இறந்தோர் பூசை வைத்து முடிப்பது வழக்கம். பெமிலா ஒத்துக்கொள்ளவில்லை. அவன் நீந்தத் தெரிந்தவன், எங்காவது கப்பல்காரன் ஏற்றியிருப்பான் என்றாள். சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை. ஒரு பட்டு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் தையல்காரி, மாதாவின் போர்வைகளை எல்லாம் நான்தான் தைக்கிறேன். எல்லோரும் காரியம் நடந்த பிறகுதான் நேர்ச்சை செலுத்துவார்கள். இவள் முன்னாலேயே கொடுத்தாள்.

"மொதல்லயே குடுத்துட்டா மாதாவுக்குத் தராம இருக்க முடியாதுல்லா பிரீனா?" என்று என்னிடம் கேட்டாள். பெற்றவளோடு பெற்றவள் பேசுகிற நியாயம் அது. அளவு எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். மைனி அதை வாங்கி அலமாரியில் வைத்தாள். திருவிழாக் கொடியேற்று வரை அது அங்கேயே இருந்தது.

கொடியேற்று அன்று சாயங்காலம் மாதாவுக்குப் புதுப் போர்வை சாத்தினார்கள். பெமிலா முன்னால் முழந்தாளிட்டிருந்தாள். சாத்தி முடித்ததும் எழுந்து போர்வையின் ஓரத்தை எடுத்து முத்தம் வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள்.

"மணக்குது," என்றாள். பிறகு கோயில் முழுக்கக் கேட்கும்படி, "மாதா மணக்குறா! நான் குடுத்தப்பம் இந்த மணம் இல்ல! எனக்க பிள்ள உயிரோட இருக்கான்!"

அவ்வளவுதான். ஆளாளுக்கு முகர்ந்தார்கள். மல்லிகை என்றார்கள், சந்தனம் என்றார்கள். மூக்கடைப்பு உள்ளவர்கள்கூட மணம் வந்தது என்று அழுதார்கள். கமிட்டித் தலைவர் கையில் மைக்கோடு ஓடி வந்தார். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்துவிட்டார்கள். இத்தனை பேருக்கும் மெழுகு சுரண்டப் போவது யார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

தூணுக்குப் பின்னால் மைனி நின்றிருந்தாள், கையில் துடைப்பத்தோடு. நான் அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

"மைனி, இப்பமே சொல்லித் தொலைங்க. இது எண்ணெய் மணம்னு."

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன்," என்றாள். "அவ மொகத்தப் பாத்தேன். முடியல்ல."

மறுநாள் காலையில் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். மறுநாள் காலையில் நான் போய்க் கேட்டபோது, "அவ நேத்து சோறு தின்னாளாம் ஏட்டி. ரெண்டு அகப்பை வாங்கித் தின்னாளாம். கொஞ்சம் கெடக்கட்டு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் போய்ச் சொல்லவில்லையே. பிறகு எதற்குக் கோபப்படுவது.

எண்ணெய் மணம் எவ்வளவு காலம் நிற்கும்? மற்ற எண்ணெய்களைவிடத் தேவதாரு நெடுநாள் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அலமாரிக்குள் சரி. கோயிலிலோ எட்டுக் கதவு வழியாகக் கடல்காற்று வருகிறது. திருவிழா பாதியிலேயே போர்வையில் மணம் குறைந்தது. பெமிலா முகர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள். மறுபடி சோற்றுத்தட்டை ஒதுக்கினாள். மாதா கைவிட்டுவிட்டாள், பிள்ளைக்கு நடுக்கடலில் என்னவோ ஆகிவிட்டது என்று பிதற்றினாள்.

மைனி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கோயில் ஆளில்லாமல் கிடந்த ஒரு மத்தியானம், பஞ்சை நனைத்துத் துணியில் சுற்றிப் போர்வையின் உள்மடிப்பில் முடிந்து வைத்தாள். சாயங்காலம் பெமிலா வந்தாள், முகர்ந்தாள், அழுதாள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். அந்த அம்மாளுக்கு மைனி சொட்டு சொட்டாகச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். முதல் தடவை நடந்தது தெரியாமல் நடந்தது. இது தெரிந்தே செய்தது. அன்று முதல் மைனிக்குத் தலையணையில் சொட்டு வைத்தும் தூக்கம் வரவில்லை.

திருவிழா முடிந்த மறுநாள் நாங்கள் இருவரும் அலங்காரத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஜாஸ்மி வந்தாள். ஜாஸ்மி, ஜிபினின் மனைவி. இடுப்பில் கைக்குழந்தை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்து வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெமிலா விடவில்லை. அவன் வந்து பெண்டாட்டி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டாளாம்.

"இருக்கேன் சித்தி, அதுக்கொண்ணும் இல்ல," என்றாள் ஜாஸ்மி. ஊர்முறையில் மைனி அவளுக்குச் சித்தி. "அவிய வரமாட்டாவன்னு எனக்குத் தெரியும். ஆனா மாமி என்னைய அழ விடமாட்டேங்குதாவ. குளிமுறியில தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன். அதுக்கும் வந்து கதவத் தட்டுதாவ. உயிரோட இருக்கப்பட்டவனுக்கு ஒப்பாரி வெக்கியான்னு கேக்காவ."

சொல்லிவிட்டு, அழாமல், குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மைனி கையிலிருந்த துணியைப் பாதி மடிப்பிலேயே வைத்தாள். "எளவு புடிச்ச எண்ணெய்" என்றாள். பிறகு, "இல்ல. எண்ணெயில என்ன இருக்கு" என்றாள்.

அன்றே போனோம். ஒரு கிண்ணத்தில் நான் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டேன். மைனி குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பெமிலா கடல் பார்த்த வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தலை சிக்குப் பிடித்துச் சடையாய்க் கிடந்தது. மைனி பின்னால் உட்கார்ந்து, அவளுடைய தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். தேங்காய் எண்ணெயில் நாலைந்து சொட்டு விட்டு, உள்ளங்கையில் கலக்கி, உச்சியில் வைத்துப் பைய தேய்த்தாள்.

பெமிலா கண்ணை மூடினாள். உடனே திறந்தாள்.

"மாதாவுக்க மணம்," என்றாள்.

"மாதாவுக்க மணம் இல்ல மக்கா. கோட்டாத்துல வாங்கினது. பட்டுத்துணிய பூச்சி அரிக்காம இருக்க நான் அலமாரில வெச்சேன். உனக்க போர்வையில அதுதான் ஒட்டிச்சு."

பெமிலா எழுந்து உட்கார்ந்தாள். குப்பியைப் பிடுங்கி முகர்ந்தாள். நான் தயாராகத்தான் இருந்தேன், அடிப்பாள் என்று. அடித்தாள். மைனியின் தோளில், நெஞ்சில், எங்கு பட்டதோ அங்கே. மைனி தடுக்கவில்லை.

"மணம் கொறைஞ்சப்பம் பின்னையும் வந்துதே? அது?"

"அதும் நான்தான். நீ தின்னணும்னு வெச்சேன். செய்திருக்கப்பிடாது."

"அப்பம் அவன்?"

மைனி குப்பியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சொல்லாமல் வந்துவிடலாம் என்று எனக்கே தோன்றியது.

"அவன் வரமாட்டான் மக்கா," என்றாள்.

உள்ளே இருந்து சத்தம் வந்தது. ஜாஸ்மி. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். வாயைப் பொத்தாமல், தண்ணீரைத் திறந்து விடாமல், அடிவயிற்றிலிருந்து அழுதாள். குழந்தையும் சேர்ந்து அழுதது. பெமிலா அந்தப் பக்கம் திரும்பினாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். "இஞ்ச வாட்டி" என்று மட்டும் கூப்பிட்டாள். ஜாஸ்மி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் இருவரும் எழுந்து வந்தோம். மைனிக்கு வழியில் இழுப்பு வந்துவிட்டது, சிலுவை நிற்கும் குருசடிப் படியில் உட்கார்ந்து தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

ஊர் மைனியைச் சும்மா விடவில்லை. மாதாவின் பேரைக் கெடுத்தவள் என்றார்கள். தலைவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவளுக்குப் பதிலாகத் துடைப்பத்தை எடுக்க ஒருத்தரும் முன்வராததால், விலக்கவும் இல்லை. அவளும் வழக்கம்போல் வந்து மெழுகு சுரண்டினாள்.

பெமிலா தானே போய்ச் சாமியாரிடம் பேசி, இறந்தோர் பூசைக்கு நாள் குறித்தாள். மைனியோடு பேசுவதில்லை. பூசை முடிந்து, ஜாஸ்மியும் குழந்தையும் அம்மா வீட்டுக்குப் புறப்பட்ட பிறகு, ஒரு நாள் அவளாகவே ஆள் விட்டு மைனியைக் கூப்பிட்டாள். நானும் கூடப் போனேன். மறுபடி அடிக்கக் கூப்பிடுகிறாளோ என்ற பயம் எனக்கு.

கட்டிலில் ஜிபினின் உடுப்புகள் கிடந்தன. ஒரு தகரப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தாள். "ஒத்தைக்கு மடிச்சு வெக்க முடியல்ல" என்றாள். மைனி உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். பேன்ட், கைலி, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு. கடைசியில் கொடியில் கிடந்த ஒரு நீலச் சட்டை. கடலுக்குப் போகும் முன்தினம் போட்டுக் கழற்றியது, துவைக்காதது.

எல்லாம் அடுக்கி முடிந்ததும் மைனி, தொழில் பழக்கத்தில், முந்தானையை அவிழ்த்துக் குப்பியை எடுத்தாள். பஞ்சு தேடினாள். பெமிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வேண்டாம் கிரேசி. அவனுக்க வேர்வ மணம் போயிரும்."

"பூச்சி அரிச்சிருமே மக்கா."

"அரிச்சா அரிச்சிட்டுப் போகட்டு," என்று பெமிலா பெட்டியை மூடினாள்.