பதினான்காம் தொட்டியின் எடை

பருத்திக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. எங்கள் ஊரான தொட்டியத்தில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பழகியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. திருச்சியில் ஒரு கல்லூரியின் பசுமைக்குடிலில் சேர்ந்த அன்றே, ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி கலைவாணி மேடம் சொன்னார்.

“அண்ணே, இந்த இருபது தொட்டிக்கும் பத்து நாள் ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. தினம் காலையில எடை போட்டு எழுதுங்க.”

“செத்துடாதுங்களா மேடம்?”

“தாகம் எடுக்கணும்ணே. ஜீன்லயும், அதான் மரபணுவுலயும், குடும்பம் உண்டு. செடி காயறப்ப அந்தக் குடும்பத்துல எவன் எந்திரிச்சு வேலை பாக்குறான், எவன் தூங்குறான்னு இலையப் பறிச்சுப் பாக்கணும். அவனக் கண்டுபிடிச்சாத்தான் வறட்சி தாங்குற பருத்திக்கு வழி.”

“எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க, ஒருத்தன்தான் எந்திரிப்பான்.”

கூச்சக்காரனான நான் அவ்வளவு பேசியதே அதிகம். சிரித்துவிட்டார்.

எட்டாம் நாள் சாப்பிட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவினேன். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது எங்கள் வீட்டுப் பழக்கம். கை தானாகப் போய்ப் பதினான்காம் தொட்டியில் ஊற்றிவிட்டது. மறுநாள் அதன் எடை கூடியிருந்தது. பயத்தில் குறைத்து எழுதிவிட்டேன்.

பத்தாம் நாள் மேடம் கத்தரிக்கோலுடன் ஒவ்வொரு தொட்டியாக இலை பறித்து வந்தார். பறித்த இலை உறைவதற்காக உடனே திரவ நைட்ரஜனுக்குள் போகும். பிறகு மாவாக அரைத்துவிடுவார்கள். அதன்பின் என் தவறு யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே ஒரு முறை பூச்சி விழுந்து, ஒரு வருஷ உழைப்பு வீணாகி, மறுபடி விதை போட்டவர் அவர். கத்தரிக்கோல் பதிமூன்றாம் தொட்டியைத் தாண்டியது.

“மேடம், பதினாலு வேணாங்க.”

“ஏண்ணே?”

“டிபன் பாக்ஸ் கழுவுன தண்ணிய ஊத்திட்டேங்க. எடையும் பொய்யா எழுதிட்டேன்.”

கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

“வேற எதுலயாவது ஊத்துனீங்களா?”

“இல்லைங்க. மத்த எடையெல்லாம் நெசம்.”

தொட்டியைத் தானே தூக்கி ஓரமாக வைத்தார். “என்ன கொழம்புண்ணே?”

“வத்தக்கொழம்புங்க.”

“அப்ப உப்பும் சேந்துடுச்சு! உப்புத் தாங்குதான்னு அடுத்த வருஷம் பாக்கலாம்னு இருந்தேன், நீங்க முந்திட்டீங்க.”

வேறு ஒருவராக இருந்தால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். நான் நோட்டில் எழுதிய பொய் எடையை ரப்பரால் அழிக்கப் போனேன். தடுத்தார்.

“அழிக்காதீங்கண்ணே. ஒரு கோடு போட்டு, பக்கத்துல சரியானதை எழுதுங்க. தப்பும் தெரியணும்.”

பின்னாளில் அவர் கட்டுரை அச்சானதும் கொண்டுவந்து காட்டினார். ஆங்கிலம் எனக்குப் புரியாது. 19 என்ற எண் மட்டும் புரிந்தது, இருபதில் பதினான்காம் தொட்டி போக மீதி. அன்றிலிருந்து எடை நோட்டில் தப்பு வந்தால் ஒரு கோடுதான் போடுகிறேன். ரப்பரைத் தொடுவதில்லை.