கேப்டன் குடும்பத்தில் ஒரு தமிழ்ப் பெயர்

ஜெர்மனியின் வீஸ்பாடனில் மழை விட்ட காலை. பழைய கல்லறைத் தோட்டத்தில், பாசி ஏறிய ஆங்கிலக் குடும்பக் கல்லறை ஒன்றில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் களை பிடுங்கிக்கொண்டிருக்கிறார். கல்லில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ராணுவக் கேப்டன் ஒருவரின் பெயர். இங்குள்ள வெந்நீர் ஊற்றுகளுக்காக வந்து தங்கிவிட்டவராக இருக்கலாம். அவருக்குக் கீழே மனைவி, சிறுவயதில் இறந்த மகள். எல்லோருக்கும் அடியில், பளபளக்கும் புதிய தகட்டில் ஒரு தமிழ்ப் பெயர். நின்றுவிடுகிறேன்.

"என்ரை மனிசன்," என்கிறார் அக்கா. "இஞ்சை சாம்பலை ஆத்திலை கரைக்க ஏலாது, புதைக்கத்தான் வேணும். ஆக்களில்லாத பழைய கல்லறையைப் பராமரிச்சால் அதுக்குள்ளை இடம் தருவினம். பாவம், ஆமிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த மனிசன்."

"அப்புறம் ஏன்க்கா ஒரு பட்டாளத்துக்காரர் பக்கத்துல?" வாய் முந்திக்கொள்கிறது.

அக்கா கோபப்படவில்லை. ஈரக் கையால் கேப்டன் மகளின் பெயருக்குக் கீழே பாசியைத் துடைக்கிறார். அவள் பிறந்த ஊர் ஆங்கிலத்தில் தெரிகிறது: யாழ்ப்பாணம்.

"கப்டனுக்குப் பக்கத்திலை இல்லைத் தம்பி. இந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலைதான் வைச்சனான்."