விளக்கு வைத்த தொட்டி

மீன்குஞ்சுப் பண்ணையில் அவருக்குச் ‘சந்தேகம்’ என்று பேர். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற மனிதருக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? பதினாறு வருஷமாகத் தொட்டிகளைக் காத்தவர், ஒரே மாதத்தில் இரண்டு தொட்டிக் குஞ்சுகளைப் பறிகொடுத்தார். மிதந்த சிலதும் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோல்.

“மூணாவது தொட்டியும் காலியானா நீங்க வீட்டோடயே இருந்துக்கலாம்” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கொக்கு என்று நினைத்து மூன்றாவது தொட்டிமேல் வலை கட்டினார். குஞ்சு குறைந்தது. தண்ணீர் மோட்டார் ஓட்டுகிறவன் ராத்திரியில் திருடுகிறானோ என்று சந்தேகம் வந்து, தொட்டிக்கு மேலே பெரிய விளக்கைத் தொங்கவிட்டு விடிய விடிய எரியவிட்டார். குஞ்சு இன்னும் வேகமாகக் குறைந்தது. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

காலையில் தொட்டியில் விழுந்த இலைகளை வாரும்போது ஓர் இலைக்குக் கால் இருந்தது. பெருவிரல் நகமளவுப் பூச்சி, விறைத்துக் கிடந்தது. செத்தது என்று தொட்டி விளிம்பில் போட்டுக் கையைக் கழுவித் திரும்பினால், ஆளைக் காணோம்! மறுநாளும் அப்படியே. செத்தது எப்படி நடக்கும்? யாரிடம் கேட்பது? கேட்டால் சிரிப்பார்களே.

மூன்றாம் நாள் நேரிலேயே பார்த்தார். அந்தப் பூச்சி வால்நுனியை நீர்மட்டத்தில் நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி, முன்கால்களில் ஒரு குஞ்சைக் கட்டிப்பிடித்து ஊசி வாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கினார். முதுகு முழுக்க முட்டை.

“ஐயோ, தாயாச்சே!” என்று அதைத் தண்ணீருக்கே திரும்ப விடப்போனார்.

பின்னால் மோட்டார்க்காரன் சிரித்தான். “தாயில்லண்ணே, அப்பன். முட்டைய அவன் முதுகுல ஒட்டிட்டு அவ போயிருவா. பொரியுற வரைக்கும் இவன்தான் சுமக்கணும். தூக்கினா செத்த மாதிரி நடிப்பான், நம்பிடாதீங்க.”

“இவ்வளவு எங்கிருந்துப்பா வந்துச்சு?”

“முன்னாடி ஒண்ணு ரெண்டு வந்து பெருகியிருக்கும். வெளிச்சத்தப் பாத்தா கூட்டமா பறந்து வரும். நீங்க விளக்கு வச்சு விருந்துக்கே கூப்பிட்டுட்டீங்க.”

விளக்கைக் கழற்றினார்கள். இருவருமாக வலைபோட்டு மத்தியானம் வரை அரித்தார்கள். ஒரு வாளிப் பூச்சி சேர்ந்தது. தொட்டியில் பாதிக்குமேல் குஞ்சு மிச்சம். வேலை தப்பியது என்று அவருக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

“மொத நாளே எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே,” என்றான் அவன். “அது சரி, யாரைப் பிடிக்க வச்சீங்கண்ணே இந்த விளக்கை?”

சந்தேகம் வாளியைப் பார்த்தார். உள்ளே எல்லாம் விறைத்துச் செத்ததுபோல் கிடந்தன. அவரும் அசையாமல் நின்றார்.